மணியோசை எட்டாத வீட்டுக்கு ஒரு போன்

திருச்சியின் கத்தோலிக்கப் பங்குகளில் சாவுச் செய்தி முன்பெல்லாம் கோயில் மணியில்தான் வரும். துக்க மணி விட்டு விட்டு ஒலித்ததும் தெருவில் நிற்பவர்கள் “யாராம்?” என்று விசாரித்துக்கொண்டே அந்த வீட்டை நோக்கி நடப்பார்கள். இன்று அதே செய்தி அன்பியத்தின், அதாவது பங்கிலுள்ள அக்கம்பக்கக் குடும்பங்களின் சிறு குழுவின், வாட்ஸ்அப்பில் வருகிறது. இறந்தவரின் படம், அடக்கத் திருப்பலி நேரம், அதற்குக் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். துபாயில் வேலை பார்க்கும் மகனுக்கும் அடுத்த நிமிடமே தெரிந்துவிடுகிறது. மணியால் இது முடியாது. ஆனால் கூப்பிய கையை அனுப்பியதோடு கடமை தீர்ந்தது என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களும் பெருகிவிட்டார்கள்.

தமிழகத் திருச்சபை கைபேசியை முழுமூச்சாகப் பிடித்துக்கொண்டது கொரோனாக் காலத்தில். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. ஏப்ரல் 12 அன்று வந்த உயிர்ப்பு ஞாயிறு, மக்கள் இல்லாத கோயில்களில் கழிந்தது. திருப்பலியை யூடியூபிலும் தொலைக்காட்சியிலும் பார்த்தார்கள். அந்த நாளில் அது பெரிய ஆறுதல், மறுப்பதற்கில்லை. என்றாலும் எந்த வீட்டில் அரிசி தீர்ந்தது, யாருக்கு ரத்த அழுத்த மாத்திரை கிடைக்கவில்லை என்பதை நேரலையால் அறிய முடியாது. அதற்கு யாராவது எண்ணை அழுத்தி, “சாப்பிட்டீங்களாம்மா?” என்று கேட்டாக வேண்டும்.

இப்படிப் பேசுவதற்கென்றே தொலைபேசியைப் பயன்படுத்திய முன்னோடி ஒருவர் உண்டு. லண்டனின் ஆங்கிலிக்கன் குருவான சாட் வாரா, இளமையில் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் அடக்கச் சடங்கை நடத்தினார். தற்கொலை செய்துகொண்ட குழந்தை அவள். அந்த வேதனை ஆறாமல், 1953இல் தம் கோயிலிலேயே ஒரு தொலைபேசியை வைத்து, மனம் உடைந்தவர்கள் அழைக்கலாம் என்று அறிவித்தார். ‘சமாரிட்டன்ஸ்’ அமைப்பு அப்படித்தான் பிறந்தது. சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘சிநேகா’, மதம் சாராமல் அதே வழியில் இயங்குகிறது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: மறுமுனையில் ஒருவர் பொறுமையாகக் கேட்கிறார். நம் பங்குக் குழுக்களில் அறிவிப்பு மேலிருந்து கீழே வருகிறது. கேட்கிற காது அங்கே குறைவு.

இந்தக் குறை பச்சைமலையில் பளிச்சென்று தெரியும். துறையூர்ப் பக்கமிருந்து வளைந்து ஏறும் சாலைக்கு மேலே, மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. அங்கே கிறிஸ்தவக் குடும்பங்கள் சொற்பம். கோயில் மணி எல்லா வீட்டுக்கும் எட்டாது. மேட்டில் இரண்டு கோடு காட்டும் சிக்னல் பள்ளத்தில் இறங்கியதும் காணாமல் போகும். வயதானவர்கள் கையில் இருப்பது பட்டன் போன். அதில் வாட்ஸ்அப் குழுவும் இல்லை, நேரலையும் இல்லை. இன்னொரு இடியும் உண்டு. 2003 முதல் உள்வரும் அழைப்புக்குக் காசில்லை என்பதால்தான் மிஸ்டு கால் ஏழைகளின் தந்தியாக இருந்தது. 2018 இறுதியில் பெரிய நிறுவனங்கள் குறைந்தபட்ச ரீசார்ஜைக் கொண்டுவந்த பிறகு, பணம் போடாவிட்டால் வரும் அழைப்பும் நின்றுபோகிறது. கூலி கிடைக்காத மாதத்தில் முதலில் அறுவது அந்தத் தொடர்புதான். “குழுவில் போட்டாச்சு, எல்லாருக்கும் தெரியும்” என்று பங்குப் பேரவையில் ஒருவர் சொல்லும்போது, அந்த ‘எல்லாரில்’ இவர்கள் இல்லை.

செப விண்ணப்பங்களிலும் கவனம் வேண்டும். மகனின் குடி, மகளின் முறிந்த திருமணம், பரிசோதனையில் தெரிந்த நோய் என்று நம்பிக்கையோடு சொன்ன விஷயம் குழுவில் ஏறினால், நூற்றுக்கணக்கான கைபேசிகளில் நிரந்தரமாகத் தங்கிவிடும். குழுவில் சேர்ந்த பெண்ணின் எண்ணும் முன்பின் தெரியாதவர்கள் கண்ணில் படுகிறது. அட்மின் மட்டுமே பதிவிடும்படி பூட்டிவைத்தால் வம்பு குறையும். உறவும் கூடவே குறையும்.

உறவைக் காக்கும் வழி நமக்குப் புதிதல்ல. இயேசு சபைக் குருக்களின் மதுரை மிஷன் நாள்களில் ஒரு குருவின் பொறுப்பில் எத்தனையோ ஊர்கள் இருந்தன. அவர் எப்போதாவதுதான் வர முடிந்த இடங்களில் சபையைக் கட்டிக்காத்தவர் உபதேசியார். எந்த வீட்டில் காய்ச்சல், எந்த வீட்டில் பிரசவம் என்பது அவருக்குத் தெரியும். கைபேசி இந்த வேலைக்குத் துணையாக வரும்போதுதான் சபைக்கு உண்மையில் பயன்படுகிறது. வீடு வீடாக நடப்பதை நிறுத்திவிட்டுக் கைபேசியை மட்டும் நம்பினால் நஷ்டம் சபைக்குத்தான்.

பெரிய செயலி எதுவும் இதற்குத் தேவையில்லை. பங்கின் குடும்பப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இரண்டு விவரம் சேர்த்தால் போதும்: பட்டன் போனா, ஸ்மார்ட் போனா; கடைசியாக அவரோடு பேசியது யார், எப்போது. அழைப்பை எடுக்காத வீட்டுக்கு அந்த வாரமே ஆள் போகட்டும். அன்பியப் பொறுப்பாளர்கள் இதை இந்த மாதமே தொடங்கலாம். முப்பது குடும்பம் உள்ள அன்பியத்தில் நாளுக்கு ஓர் அழைப்பு என்றால், ஒரு மாதத்துக்குள் எல்லா வீட்டிலும் போன் ஒலித்திருக்கும்.