‘செல்லம்மாள்’ காட்டும் சிற்றாறுதல்

தீராப் பிணியாளர்க்கு மருந்து ஓரளவே துணை. அவர்தம் நாள்களைத் தாங்கச் செய்வன சிற்றாறுதல்களே. இவ்வுண்மையைப் புதுமைப்பித்தன் 1943 இல் எழுதிய ‘செல்லம்மாள்’ என்னும் சிறுகதையிற் காண்கின்றோம்.

சென்னையில் ஜவுளிக்கடைச் சிற்றூழியராகிய பிரமநாயகம் பிள்ளை, நெடுநாள் நோயாளியான மனைவிக்குச் சமைத்துக் கொடுக்கின்றார். அவள் மயங்கி விழுந்தாற் கைகால்களைத் தேய்த்து விடுகின்றார். இப்பணிவிடைகள் யாவும் போற்றத்தக்கனவே. ஆயினும், கடையிலிருந்து சேலைகளைக் கொணர்ந்து அவள்முன் வைக்கும் இடமே கதையின் உயிர்நிலை என்பது எம் துணிபு. மருந்தும் உணவும் பிறர் முடிவுப்படி அமைய, சேலையை மட்டும் அவளே தேர்கின்றாள். அக்கணம் அவள் மீண்டும் இல்லத்தரசியாகின்றாள். இதனை வெறும் துன்பக்கதை என்பார் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்கிலர்.

இப்பாடம் நம் நாட்டினர்க்கும் உரியது. தெஹியோவிட்ட இறப்பர்த் தோட்டத்து லயத்தில் நோயாளியை விட்டு, காலையிற் பால்வெட்டப் புறப்படுவோர் பொழுதெல்லாம் உடனிருத்தல் இயலாது. பாயை எங்கே விரிப்பது, தேநீருக்குச் சீனி எவ்வளவு என அவரையே வினவுதல் இயலும். அதற்குப் பொருட்செலவு இல்லை. அவ்வினா நோயைத் தீர்க்காது, செல்லம்மாளும் பிழைத்தாளில்லை. எனினும், தம் விருப்பத்திற்கு இன்னும் மதிப்புண்டு என்பதை நோயாளி அதனால் உணர்வார்.