சீனன்குடாத் தாங்கிகளும் ஐதரசன் கனவும்

சீனன்குடாவில் ஆங்கிலேயர் நாட்டிச்சென்ற எண்ணெய்த் தாங்கிகளைக் கண்டோர், ஐதரசன் யுகத்திற்கும் திருகோணமலை ஆயத்தமாகவே உள்ளதென எண்ணுதல் இயல்பே. ஆயின் அவ்வெண்ணம் ஆராயற்பாலது. எண்ணெய்க்கென எழுந்த தாங்கியில் ஐதரசன் அடங்காது; அதனைப் பேரமுக்கத்தில் அடைத்தல் வேண்டும், அன்றேல் மறை 253 பாகை செல்சியசுவரை குளிர்வித்துத் திரவமாக்குதல் வேண்டும். துறைமுகத்தின் ஆழம் உதவும், தாங்கிகள் உதவா.

கணக்கும் கசப்பானதே. மின்பகுப்பினால் ஒரு கிலோகிராம் ஐதரசன் பெறப் பொதுவாக ஏறத்தாழ 50 கிலோவாற்று மணி மின் செலவாகும். அதனை மீண்டும் மின்னாக்கின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே எஞ்சும். ஆதலின் பகலின் வெயிலை இரவுக்குச் சேமிக்க மின்கலமே சாலும். நெடுநாட் சேமிப்புக்கே ஐதரசன் பொருந்தும். நோர்வேயின் உட்சிராத் தீவில் 2004 முதல் சில ஆண்டுகள் காற்றாலையும் ஐதரசனும் இணைந்து பத்து வீடுகளுக்கு மின் வழங்கின. பத்தே வீடுகள்! அதனைத் தீவொன்றின் தன்னிறைவுக்குச் சான்றாக்குதல் மிகை.

தன்னிறைவு யாருக்கு என்பதும் வினாவே. 2006 இல் போரினாற் பெயர்ந்த சம்பூர் மக்களின் நிலத்தில் ஒரு பகுதி நிலக்கரி மின்நிலையத்திற்கென ஒதுக்கப்பட்டது. 2016 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலிற் சம்பூரிலே சூரிய மின்திட்டத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. இத்தகைய மின்னால் ஐதரசன் ஆக்கிக் கப்பலேற்றுவது வணிகமாகலாம். ஆனால் 2022 இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாட்டில், அவ்வைதரசன் எத்தனை எண்ணெய்க் கப்பல்களின் வரவைக் குறைக்கும் என்பதை அதனைத் தன்னிறைவென்போர் முதலிற் கூறுதல் வேண்டும்.