ஒரே வைத்தியர், இரண்டு நோயாளிகள் – ‘ஃபுவோகோஅம்மாரே’ விவரணப்படத்தை முன்வைத்து

சாமுவேலே என்ற பன்னிரண்டு வயதுப் பையன் வைத்தியரிடம் போகிறான். சில வேளைகளில் தனக்கு மூச்செடுக்கக் கஷ்டமாக இருக்கிறது என்கிறான். ஒரு பெரிய மனுசனைப்போல் கைகளை ஆட்டித் தன் வருத்தத்தை விளக்குகிறான். வைத்தியர் பொறுமையாகக் கேட்கிறார், பரிசோதிக்கிறார், உனக்குக் கொஞ்சம் பதற்றம், வேறொன்றுமில்லை என்ற மாதிரிச் சொல்லி அனுப்புகிறார். அரங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதே படத்தில், அதே வைத்தியரிடம் இன்னொருவரும் வருகிறார். கடலிலிருந்து மீட்டுக் கொண்டுவரப்பட்ட ஒரு கர்ப்பிணி. வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். வைத்தியர் ஸ்கான் கருவியை வயிற்றின்மேல் நகர்த்தித் திரையில் பிள்ளைகளைத் தேடுகிறார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. வைத்தியர் அன்பானவர்தான், பேசிக்கொண்டே வேலை செய்கிறார். ஆனால் அந்தப் பெண்ணுக்கு எங்கே நோகிறது, அவர் எதற்குப் பயப்படுகிறார் என்பது நமக்குத் தெரியவருவதில்லை. அவருடைய வயிறு பேசுகிறது. அவர் பேசவில்லை.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன். ஜியான்ஃபிராங்கோ ரோசியின் இந்தப் படம் 2016 இல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருதைப் பெற்றது. அந்த ஆண்டே பாரிசில் ஒரு திங்கட்கிழமை, எங்கள் உணவகத்தின் விடுமுறை நாளில், முதற்தடவை பார்த்தேன். அண்மையில் மறுபடி பார்த்தேன். முதல்முறை அழுதேன். இரண்டாம்முறை கோபம் வந்தது. அந்தக் கோபம் முழுவதும் நியாயமானதா என்பதையும் இங்கே யோசித்துப் பார்க்கிறேன்.

படம் நடக்கும் இடம் லம்பெடூசா. இத்தாலிக்குச் சொந்தமான, சுமார் 20 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள மீனவர் தீவு. சிசிலியைவிட ஆபிரிக்காவுக்குத்தான் கிட்ட. 2013 அக்டோபர் 3 அன்று இத்தீவின் கரைக்கு அருகில் ஒரு படகு தீப்பற்றிக் கவிழ்ந்து 368 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் எரித்திரியர்கள். அதன் பிறகு இத்தாலி ‘மாரே நோஸ்த்ரும்’ என்ற கடற்படை மீட்பு நடவடிக்கையைத் தொடங்கி, 2014 அக்டோபர் முடிவில் அதை நிறுத்திக்கொண்டது. ரோசி ஒரு வருடத்துக்கு மேல் தீவில் தங்கியிருந்து படமெடுத்தார்.

எல்லையிலிருந்து முகாம்வரை ஒரு மனிதன் எப்படிக் கைமாறுகிறான் என்பதை இந்தப் படத்தைப்போல் ஒழுங்காகக் காட்டிய வேறொரு படத்தை நான் பார்த்ததில்லை. முதலில் இருட்டில் ஒரு வானொலிக் குரல்: எத்தனை பேர், உங்கள் இடம் எது? பிறகு கடற்படைக் கப்பல். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பும் முகமூடியும் கையுறையும் போட்டவர்கள். உடற்சோதனை. ஒரு இலக்கம், ஒரு புகைப்படம். குளிருக்குப் போர்த்திக்கொள்ளப் பொன்னிறத் தாள். இறங்குதுறையில் வைத்தியரின் பார்வை: யாரால் நடக்க முடியவில்லை, யாருக்குக் காய்ச்சல், யார் கர்ப்பிணி, யாருக்குச் சொறி. தீவில் பெரிய ஆஸ்பத்திரி இல்லை, சிறிய சிகிச்சை நிலையம் ஒன்றுதான். கடுமையானவர்களை ஹெலிகொப்டரில் சிசிலிக்கு அனுப்புவார்கள். மற்றவர்கள் பஸ்ஸில் முகாமுக்குப் போவார்கள்.

அந்த வைத்தியர் பியேத்ரோ பார்த்தோலோ. தீவிலேயே பிறந்தவர், மீனவரின் மகன். ஏறத்தாழ முப்பது வருடங்கள் வருகிறவர்களைப் பரிசோதித்தவர். 2019 இல் ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகி 2024 வரை அங்கே இருந்தார். படத்தின் உயிர் அவர்தான். கணினித் திரையில் ஒரு படகின் படத்தைக் காட்டி அவர் விளக்குகிறார். அதில் 840 பேர் இருந்தார்கள். மேற்தட்டில் இருந்தவர்கள் 1500 டொலர் கொடுத்த முதலாம் வகுப்பு. நடுவில் இருந்தவர்கள் 1000 டொலர். அடித்தட்டில் அடைக்கப்பட்டவர்கள் 800 டொலர் கொடுத்த மூன்றாம் வகுப்பு. எரிபொருளும் கடல்நீரும் கலந்து ஊறிய உடுப்பு தோலை எப்படி எரிக்கிறது என்பதையும் சொல்கிறார். எத்தனை பிணங்களைப் பார்த்தாலும் தனக்கு அது பழகவில்லை என்கிறார். பரிசோதிப்பவன் சாட்சியாக மாறும் இடம் இது. ரோசி கமெராவை அசைக்காமல் அவரைப் பேசவிடுகிறார்.

அப்படியானால் என் குறை என்ன? படம் முழுவதும் கமெரா பரிசோதிப்பவரின் பக்கத்தில் நிற்கிறது என்பதே. சாமுவேலேக்குப் பெயர் உண்டு, வீடு உண்டு, பாட்டி உண்டு, கவண் உண்டு. அவனுடைய ஒரு கண் சோம்பற்கண், நல்ல கண்ணை மூடிவைத்து அதற்கு வேலை கொடுக்கிறார்கள். ஐரோப்பாவின் பார்வைக் கோளாறுக்கு இது குறியீடு என்று விமர்சகர்கள் எழுதினார்கள். இருக்கலாம். ஆனால் வந்திறங்கியவர்களில் ஒருவருடைய பெயர்கூட என் நினைவில் நிற்கவில்லை. அவர்கள் நடுங்குகிறார்கள், இருமுகிறார்கள், அழுகிறார்கள், இறக்கிறார்கள். சோம்பற்கண்ணுக்கு வைத்தியம் செய்யும் படம், காதைக் கவனிக்கவில்லை என்று எனக்குப் பட்டது.

இதை நான் வெறும் சினிமா அபிப்பிராயமாகச் சொல்லவில்லை. நானும் பஸ்ஸில் ஏற்றப்பட்டு, பரிசோதிக்கப்பட்டு, முகாமில் இறக்கப்பட்டவன்.

2009 ஏப்ரல். எனக்குப் பதினேழு வயது. புதுமாத்தளனிலிருந்து நீரேரியைக் கடந்து வந்த சனத்தோடு நாங்களும் வந்தோம். ஓமந்தையில் இறக்கினார்கள், நிறுத்தினார்கள், மறுபடி ஏற்றினார்கள். முடிவில் செட்டிகுளம் மெனிக் பாம். என் இடது தோள்பட்டைக்குக் கீழே ஷெல் துண்டு பட்ட காயம், சீழ் கட்டியிருந்தது. பஸ்ஸில் அம்மா காதுக்குள் சொன்னா: ‘காயம் எண்டு சொல்லிப்போடாதை.’ என் வயதுப் பெடியனின் உடம்பில் காயம் இருந்தால் அதற்கு வேறு அர்த்தம் இருந்தது. கூடாரத்தில் ஒரு இளம் வைத்தியர் உடைந்த தமிழில் எங்கேயாவது காயமா என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஆறு வருடம் கழித்துப் பாரிஸ். கம்பஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தேன். முதல் மனு நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீட்டுக்கு வைத்தியச் சான்றிதழ் வேண்டும் என்றார் வழக்கறிஞர். ஒரு வைத்தியர் என் சட்டையைக் கழற்றச்சொல்லி, அதே தழும்பை அடிமட்டம் வைத்து அளந்தார். நான்கு சென்டிமீற்றர். நான் சொல்லும் சம்பவத்தோடு ‘ஒத்துப்போகிறது’ என்று எழுதினார். மெனிக் பாமில் உயிர் பிழைக்க மறைத்த தழும்பைப் பாரிசில் உயிர் பிழைக்கக் காட்டினேன். இரண்டு இடத்திலும் தழும்பு ஒன்றுதான். அதை யார், எதற்காகப் பார்க்கிறார்கள் என்பதுதான் வேறு.

இதில் நான் தனியாள் இல்லை. இங்கிலாந்தில், கே.வி. என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்பட்ட ஒரு இலங்கைத் தமிழரின் முதுகுச் சூட்டுத் தழும்புகள், அகதி அந்தஸ்துக்காக அவரே யாரையோ கொண்டு போடுவித்தவையா என்று நீதிமன்றங்கள் ஆராய்ந்தன. 2019 இல் உச்ச நீதிமன்றம் அவருடைய மேன்முறையீட்டை ஏற்றுக்கொண்டது. ஒரு மனிதனின் முதுகை வைத்து எத்தனை வருட வாதம்!

‘ஸ்கிரீனிங்’ என்ற ஆங்கிலச் சொல்லை யோசித்துப் பாருங்கள். நோயைத் தேடுவதும் அதுதான், ஆட்களை வடிகட்டுவதும் அதுதான், படம் காட்டுவதும் அதுதான். 2024 இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயரிலேயே ஒரு சட்டம் நிறைவேற்றியது. வெளி எல்லையில் ஒழுங்கற்ற முறையில் நுழைபவருக்கு ஏழு நாட்களுக்குள் ஆரம்ப உடல்நலச் சோதனை, அடையாளச் சோதனை, பாதுகாப்புச் சோதனை எல்லாம் ஒரே வரிசையில் முடிக்கப்பட வேண்டும். 2026 ஜூனிலிருந்து பிரயோகிக்க வேண்டுமென்பது அதன் விதி. வைத்தியர் கேட்கும் கேள்வியும் பொலிஸ் கேட்கும் கேள்வியும் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருக்கும்போது, வருத்தத்தை யார் வாய்திறந்து சொல்வான்?

இந்தக் கோபத்தோடுதான், எங்கள் குசினியில் கோப்பை கழுவும் எரித்திரிய நண்பரிடம் படத்தைப் பற்றிக் கதைத்தேன். அவர் 2014 இல் லம்பெடூசாவில் இறங்கியவர். மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் கிடைக்கும் மூன்று மணி நேரத்தில், என் போனில், உருளைக்கிழங்கு மூட்டைகளின்மேல் இருந்து இருவரும் பார்த்தோம். கப்பல் காட்சி வந்ததும் அவர் மூக்கைப் பொத்தினார். டீசல் மணக்கிறது என்றார். பொன்னிறத் தாள்கள் மின்னியபோது, அந்த இரவு டீசலில் ஊறிய தன் உடுப்பை யாரோ ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனதைச் சொன்னார். உடுப்பின் தையலுக்குள் சுவீடனிலுள்ள மாமாவின் ரெலிபோன் இலக்கம் இருந்தது. மாமாவைக் கண்டுபிடிக்கப் பதினாலு மாதம் எடுத்தது.

அதைக் கேட்டதும் நான் என் வாதத்தை இன்னும் பலமாகச் சொன்னேன்: பார்த்தீர்களா, உங்கள் கதையை இந்தப் படம் கேட்கவில்லை. அவர் சிரித்துவிட்டார். ‘அன்றைக்கு யாராவது கமெராவோடு வந்து என் கதையைக் கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருப்பேன். கேட்காமல் விட்டது நல்லது. நான் நித்திரை கொண்டேன்.’

எனக்குப் பதில் வரவில்லை. கூடாரத்தில் நான் சொன்ன ‘இல்லை’யும் அதுதானே. கேட்பது எப்போதும் கருணை அல்ல. ரோசி அந்தப் பெண்ணிடம் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேட்டி எடுத்திருந்தால், நம்முடைய ஆர்வம் திருப்திப்பட்டிருக்கும். அந்தப் பெண்ணுக்கு அது இன்னொரு விசாரணையாக இருந்திருக்கும். தவிர, தீவில் இறங்குபவர்கள் சில நாட்களில் வேறிடம் கொண்டுபோகப்படுகிறார்கள். சாமுவேலேயோடு ஒரு வருடம் பழகுவதுபோல் அவர்களோடு பழக ஒரு படக்காரனால் முடியாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே என் குறையைத் திருத்திச் சொல்கிறேன். ரோசி கேட்கவில்லை என்பது அல்ல குறை. பேசாமல் இருப்பவர்களின் மௌனத்தைப் படம் பெரும்பாலும் களைப்பாக மட்டும் காட்டுகிறது என்பதே குறை. அந்த மௌனத்துக்குள் கணக்கு இருக்கிறது, தந்திரம் இருக்கிறது, தாயின் எச்சரிக்கை இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் படம் இதைப் பிடித்துவிடுகிறது. முகாமில் நைஜீரியர்கள் கூடி நிற்க, ஒருவர் தாங்கள் வந்த வழியைப் பாட்டும் பிரார்த்தனையுமாகச் சொல்கிறார்: பாலைவனம், லிபியச் சிறை, கடல். எந்த மேசைக்கும் முன்னால் நின்று அவர் அதைச் சொல்லவில்லை. தன் ஆட்களுக்கு நடுவில் நின்று சொல்கிறார், கமெரா ஓரமாக நிற்கிறது. என்னைப் பொறுத்தவரை படத்தின் மிகச் சிறந்த காட்சி, வைத்தியரின் பேச்சையும்விட, அதுதான்.

இந்தக் குறையில் நமக்கும் பங்குண்டு. ஏஜென்சியைப் பற்றி, குளிரைப் பற்றி, காட்டுக்குள்ளால் நடந்ததைப் பற்றி நாம் நிறைய எழுதிவிட்டோம். சட்டையைக் கழற்றி நின்ற அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி எழுதியது குறைவு. வெட்கம் ஒரு காரணம். சொன்ன பொய்யும் மறைத்த உண்மையும் பழைய கோப்புகளில் இன்னும் இருக்கின்றன என்ற பயம் இன்னொரு காரணம். அதை நாமே நம் ஆட்களுக்கு நடுவில் நின்று சொல்லாவிட்டால், அளந்தவர்களின் சான்றிதழ்தான் மிஞ்சும்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்து, கூடாரத்தில் நடந்ததைப் பற்றிக் கேட்டேன். நான் மறந்துபோன ஒன்றை அம்மா சொன்னா. நான் இல்லை என்ற பிறகு, அந்த இளம் வைத்தியர் என் முதுகுப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் எழுதாமல், ஒரு அட்டை குளிசையை அம்மாவின் கையில் வைத்தாராம். நாளைக்கு மூன்றுதரம், முடியும்வரை நிறுத்த வேண்டாம் என்றாராம். எதற்கென்று அவரும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. பத்து நாளில் காயம் ஆறிவிட்டது.