எந்த வேலை முதலில்? லைட்ரூமில் வரிசையும் வேகமும்

புகைப்படத் திருத்த மென்பொருளான லைட்ரூமைக் கற்றுத்தரும் இடங்களில் ஒரு வரிசை மனப்பாடப் பாடமாக நடக்கிறது. முதலில் கறை, புள்ளி நீக்கம். அடுத்து லென்ஸ் கோணல் திருத்தம். பிறகு எக்ஸ்போஷரும் ஒயிட் பேலன்ஸும். அதன்பின் பிரஷ், கிரேடியன்ட். கடைசியில் நாய்ஸ் குறைப்பும் ஷார்ப்பனிங்கும். இது யாரோ கட்டிவிட்ட கதை அல்ல. லைட்ரூம் வேகமாக ஓட அடோபி நிறுவனமே தந்த ஆலோசனை. எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் முதலிலேயே செய்துகொள்ளலாம் என்ற தளர்வும் அதில் உண்டு. சட்டமாகப் பரவியபோது அந்தத் தளர்வு உதிர்ந்துவிட்டது.

இந்த வரிசையால் உண்மையில் என்ன கிடைக்கிறது? லைட்ரூம் 2007இல் வெளிவந்த நாள் முதல் மூல ஃபைலைத் தொடுவதே இல்லை. நாம் ஸ்லைடரை நகர்த்தினால் அது கேட்டலாகில் ஒரு குறிப்பாகப் பதிவாகிறது, அவ்வளவுதான். அந்தக் குறிப்புகளைப் படத்தின்மேல் எந்த வரிசையில் ஏற்றுவது என்பதை மென்பொருளே தீர்மானிக்கிறது. ஷார்ப்பனிங்கை முதலில் தொட்டாலும் கடைசியில் தொட்டாலும் கணக்கு அதே ஒழுங்கில்தான் நடக்கும். ஆகவே குறிப்புகள் ஒன்றாக இருந்தால் எக்ஸ்போர்ட் ஆகும் நேரமும் ஒன்றுதான். வரிசையை வலியுறுத்துபவர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

மாறுவது இடையில் நாம் காத்திருக்கும் நேரம். அது சின்ன விஷயம் அல்ல. நாய்ஸ் குறைப்பை ஏற்றி, ஆட்டோ மாஸ்க்கோடு முகம், புடவை, பின்சுவர் என்று பல இடங்களில் பிரஷ் ஓட்டியபிறகு எக்ஸ்போஷரைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். அந்த ஒரு இழுப்புக்காகப் பாரமான வேலைகளும் சேர்ந்து மறுபடி கணக்கிடப்படுகின்றன. ஸ்லைடர் முன்னே போக, படம் பின்னால் தயங்கித் தயங்கி வரும். பாரத்தைக் கடைசிக்குத் தள்ளினால் அதுவரை கை தடைபடாமல் ஓடும். பழைய கணினியில் உட்கார்ந்து ஒரு முழுத் திருமணத்தை முடிக்க வேண்டியவருக்கு இது பெரிய உதவி. இந்த அளவில் வரிசை தன் பெயரைக் காப்பாற்றுகிறது.

குறை தொடங்குவது, காரணம் தெரியாமல் அதைப் பின்பற்றும்போது. 2023 ஏப்ரலில் அடோபி செயற்கை நுண்ணறிவு டீநாய்ஸைக் கொண்டுவந்தது. பழைய நாய்ஸ் ஸ்லைடர் கடைசியில் வரவேண்டும் என்றால், இந்தப் புதிய டீநாய்ஸ் தொடக்கத்திலேயே வரவேண்டும். அடோபியின் எரிக் சான் அப்படித்தான் பரிந்துரைத்தார். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, வரிசையில் மட்டும் எதிரெதிர் முனைகள். காரணம் எளியது. ஆளைத் தேர்ந்தெடுக்கும் மாஸ்க்கும், பொருளை அழிக்கும் ரிமூவ் கருவியும் படத்தைப் பார்த்து முடிவெடுப்பவை. இரவு வரவேற்பில் ஐஎஸ்ஓ 12800இல் எடுத்த படத்தில் மணப்பெண்ணின் கூந்தல் ஓரத்தையே கவனியுங்கள். மயிரிழை எது, நாய்ஸ் புள்ளி எது என்று கண்ணுக்கே சந்தேகம் வரும். அந்த நிலையில் எடுத்த மாஸ்க்கை, படம் சுத்தமானபிறகு திரும்பவும் எடுக்க வேண்டியிருக்கும். அதாவது ஸ்லைடர்களுக்குள் வரிசை வேகத்துக்காக. படத்தைப் பார்த்துச் செயல்படும் கருவிகளுக்கு வரிசை தரத்துக்காகவும். மனப்பாடப் பாடத்தில் இந்த வேறுபாட்டுக்கு இடமே இல்லை.

வேறு மென்பொருளுக்குப் போனாலும் இந்தப் பாடம் தடுமாறும். டார்க்டேபிளில் ஒரு மாட்யூலை, அதாவது ஒரு திருத்தக் கருவியை, மாற்றினால், பொதுவாக அது இருக்கும் இடத்திலிருந்து கடைசிவரைதான் மறுபடி கணக்கு ஓடும். முந்தையது தற்காலிக நினைவில் காத்திருக்கும். நாய்ஸ் மாட்யூல் அங்கே கணக்கின் தொடக்கத்தில் இருப்பதால், அதை முன்பே போட்டுவிட்டுப் பின்னால் உள்ள நிறத்தைத் திருத்துவது அவ்வளவு பாரமாவதில்லை. 2019இல் வந்த 3.0 பதிப்பு முதல் மாட்யூல்களின் வரிசையைப் பயனரே மாற்றலாம். மாற்றினால் படத்தின் தோற்றமும் மாறும். ஃபோட்டோஷாப்பில் நேரடியாகப் பிக்சல்மேல் வேலை செய்தாலும் அப்படித்தான். ஷார்ப்பன் செய்து சிறிதாக்குவதும், சிறிதாக்கி ஷார்ப்பன் செய்வதும் ஒரே படத்தைத் தராது.

ஒரு படத்துக்குள் இருக்கும் வரிசைக்கு இத்தனை கவனம் தரும் நாம், ஃபைல்களை எந்தக் கட்டத்தில் எடுத்துச் செய்கிறோம் என்பதை விட்டுவிடுகிறோம். என் கணிப்பில் பெரிய நேர விரயம் அங்கேதான். பெயர் வரிசை, நேர வரிசை, அளவு வரிசை என்று எப்படி அடுக்கி எக்ஸ்போர்ட் கொடுத்தாலும் 500 படங்களின் மொத்த வேலை குறையாது. ஒவ்வொன்றும் தனிக் கணக்கு. ஆனால் கழிக்க வேண்டியதை முதலில் கழித்தால் அந்தக் கணக்கே சுருங்கும். கேமரா ரா ஃபைலுக்குள் வைத்திருக்கும் ஜேபெக் பிரிவியூவைக் கொண்டே செலக்‌ஷன் செய்யும் வசதி 2017 முதல் லைட்ரூம் கிளாசிக்கில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எல்லாப் படத்துக்கும் முழு அளவுப் பிரிவியூ கட்டுவது வீண். டீநாய்ஸ் அறிமுகமானபோது படத்துக்கு ஒரு புதிய டிஎன்ஜி ஃபைலை உண்டாக்கியது. செலக்‌ஷனுக்கு முன் அதை மொத்தமாக ஓட்டியிருந்தால், கழிக்கப்போகும் படங்களுக்காக ஹார்ட் டிஸ்க்தான் நிரம்பியிருக்கும்.

செட்டிங்கை மற்றப் படங்களுக்கு ஒட்டும்போதும் இதே கவனம் வேண்டும். எக்ஸ்போஷரும் நிறமும் வெறும் எண்கள், நொடியில் ஒட்டிக்கொள்ளும். ஆள் மாஸ்க்கையும் சேர்த்து ஒட்டினால் ஒவ்வொரு படத்திலும் மென்பொருள் ஆளைப் புதிதாகத் தேட வேண்டும். ஒரே வெளிச்சத்தில் எடுத்தவற்றை ஒன்றுசேர்த்து எண்களை மட்டும் முதலில் ஒட்டுங்கள். மாஸ்க், ரிமூவ் எல்லாம் ஆல்பத்துக்குப் போகும் படங்களுக்கு மட்டும் போதும்.

அடோபியின் பழைய வரிசை தவறல்ல, அதன் எல்லை சிறியது. நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரே படத்துக்கு இரண்டு விர்ச்சுவல் காப்பி எடுங்கள். ஒன்றில் பிரஷ்ஷும் நாய்ஸ் ஸ்லைடரும் முதலில், மற்றதில் கடைசியில். எக்ஸ்போஷரை இழுக்கும்போது இரண்டும் எப்படி நகர்கின்றன என்று பார்த்துவிட்டு உங்கள் வரிசையை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.