அமுதசுரபியும் விதைநெல்லும்

பழையாற்றுப் பாசனத்தால் நெல் விளையும் நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டியில் 1907-இல் பிறந்தவர் பொதுவுடைமையாளர் ப. ஜீவானந்தம். நெல் விளையும் நிலத்திலும் உழுதவன் பசித்திருப்பானாயின் குறை மழையில் இல்லை, பங்கீட்டிலேயே உள்ளது. அவ்வூரை மனத்திற்கொண்டு மணிமேகலையைப் பயின்றால், பௌத்தச் சமூக நெறியின் ஆற்றலும் எல்லையும் ஒருங்கே புலனாகும்.

சாத்தனார்க்குப் பசியே பெரும்பிணி. ஆதிரை இட்ட பிச்சையால் அமுதசுரபி சுரக்கிறது, காயசண்டிகையின் தீராப் பசி தீர்கிறது, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. இவற்றைப் போற்றுவோர் பலர். ஆபுத்திரன் வரலாற்றை ஊன்றி நோக்குவோர் சிலரே. வேள்விப் பசுவைக் காத்தமையால் பிறப்பு இகழப்பட்டு விலக்கப்பட்ட அவன், மதுரையில் சிந்தாதேவி அளித்த அப்பாத்திரத்தால் வறியோரை ஊட்டினான். இந்திரன் மழை பெய்வித்து நாட்டைச் செழிப்பித்தபோதோ, உண்பாரைக் காணாது அலைந்தான். இறுதியில் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டு, உண்ணாதிருந்து உயிர்நீத்தான். ஈகை, பசித்தோர் இருப்பதையே சார்ந்து நிற்கிறது என்பதைக் கவிஞர் மறைக்கவில்லை. ஆயினும் பசியின் காரணத்தை வானத்திடமும் பழவினையிடமும் விட்டுவிடுகிறார்.

பாலி மொழியிலுள்ள தீகநிகாயத்துக் கூடதந்த சூத்திரம் இதனைக் கடந்து செல்கிறது. கள்வரை ஒறுப்பதால் நாடு அமைதியுறாது. உழவர்க்கு விதையும், வணிகர்க்கு முதலும், அரசுப் பணியாளர்க்கு ஊதியமும் வழங்குக என்பது அங்கு மன்னனுக்குக் கூறப்படும் அறிவுரை. பிச்சையன்று, பிழைப்புக்குரிய வழியே அங்குக் கொடையாகிறது.

அம்பேத்கர் 1956 நவம்பரில் காட்மாண்டு நகரில் புத்தரையும் மார்க்சையும் ஒப்பிட்டு உரையாற்றினார். இலக்கு ஒன்றே, வழியே வேறு. வன்முறையால் அன்றி மனமாற்றத்தால் வரும் சமத்துவமே நிலைக்கும் என்பது அவர் துணிபு. இது வலிமையுடைய வாதமே. எனினும் ‘புத்தரா, கார்ல் மார்க்சா’ எனும் கட்டுரையில் சங்கத் துறவியின் உடைமை வரம்பை அவர் முன்மாதிரியாகக் காட்டுமிடத்தில் ஐயம் எழுகிறது. திருவோடும் ஆடையும் கொண்டு வாழ்பவனின் ஒழுங்கு, நிலமுடையோனை எங்ஙனம் கட்டுப்படுத்தும்? துறவறத்திற்கும் நிலவுரிமைக்கும் இடைப்பட்ட அவ்வெளியைக் கூடதந்த சூத்திரமும் முற்றும் நிரப்பவில்லை. மன்னனின் கருவூலத்தைத் திறப்பதோடு அது நின்றுவிடுகிறது.

இக்குறையைச் சுட்டும் நாம் நம்மையும் சோதித்தறிதல் வேண்டும். ஐயாயிரம் பேர் உண்ட அப்பத்தைப்பற்றி நாம் பிரசங்கிப்பது மிகுதி. லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் கூறும் யூபிலி ஆண்டில் நிலம் உரியவனிடம் திரும்புவதைப்பற்றிப் பிரசங்கிப்பது அரிது. அறுப்பின் பண்டிகையில் நெல்மூட்டைகளைக் காணிக்கையாகப் பெறும் சபை, அந்நெல்லை அறுத்தோர் பெற்ற கூலி எவ்வளவு என்று வினவியதுண்டா? அவ்வினாவைக் கேட்கும் நாளில்தான், அமுதசுரபியை ஏந்திய நம் கைகள் விதைநெல்லைப் பகிரவும் கற்றுக்கொள்ளும்.