கடல்கடந்து பயிலும் விளையாட்டாக்கமும் ‘வெண்பா’வும்

உவகை என்னும் மெய்ப்பாடு தோன்றுதற்குரிய நிலைக்களன்கள் நான்கினுள் விளையாட்டினையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். ஒல்லாந்த வரலாற்றறிஞர் யொகான் ஹுய்சிங்கா, 1938ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், மக்கட் பண்பாடே விளையாட்டின் இயல்பை அடியாகக் கொண்டு வளர்ந்தது என நிறுவ முற்பட்டார். அறிஞர் இங்ஙனம் மதித்த ஒன்றை நம் பெற்றோர் பலர் படிப்பிற்குப் பகையெனவே கருதி வந்துள்ளனர். இன்றோ, கணினி விளையாட்டுக்களை ஆக்கும் கலையைக் கனடா முதலிய நாடுகளுக்குச் சென்று பயில வேண்டுமென மாணவர் சிலர் விழைகின்றனர். இவ்விழைவு தக்கதா என்னும் வினாவிற்கு விடைகாண, தமிழர் வாழ்வைப் பொருளாகக் கொண்டு அக்கலையில் எழுந்த ஓர் ஆக்கத்தை ஆராய்தல் பயன்தரும். ‘வெண்பா’ என்பது அதன் பெயர்.

முதற்கண் இக்கலையின் இயல்பை நோக்குவோம். படம் வரைதலும் கணினிக்கு நிரல் எழுதுதலும் இதற்கு வேண்டிய துணைக்கலைகளே. விதிகளை வகுத்து, அவற்றின் வழியாக ஆடுவோர் உள்ளத்தில் ஓர் அனுபவத்தைத் தோற்றுவித்தலே இதன் உயிராகும். நம்மூர்க் கிளித்தட்டை எண்ணுக. தட்டுக் காப்போர் தத்தம் கோட்டை விட்டு விலகலாகாது. கிளி ஒருவனே நடுக்கோட்டில் ஓடித் திரியலாம். இவ்விரு விதிகளிலிருந்தே அவ்வாட்டத்தின் அச்சமும் துணிவும் தந்திரமும் பிறக்கின்றன. காப்போர் எவரும் எங்கும் ஓடலாமென விதியை மாற்றின், ஆட்டம் அப்பொழுதே அழியும். ஒன்ராறியோ மாகாணத்து ஷெரிடன் கல்லூரி போன்றவற்றில் பட்டப்படிப்பாக இன்று கற்பிக்கப்படுவதும் சாரத்தில் இதுவே. விதி வகுத்து, பிறரை ஆடவிட்டு நோக்கி, குறை கண்டு திருத்துதலே அப்பயிற்சியின் முறை.

விதிகள் ஒரு சமூகத்தின் கருத்தையும் சுமப்பன என்பதற்குப் பரமபதம் சான்றாகும். நல்வினையால் ஏணியேறுதலும் தீவினையால் பாம்பின் வாய்ப்பட்டு இறங்குதலும் அதன் தத்துவம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்ற அவ்விளையாட்டு, முதலில் அந்நாட்டாரின் அறநெறிகளை ஏற்றது. பின்னர் அறமும் நீங்க, எண்களும் ஏணிகளும் பாம்புகளுமே எஞ்சின. கடல் கடக்கும் பொருள் தன் உட்கருத்தை இழத்தல் கூடும் என்பதை இது காட்டுகின்றது. அவ்வாறு இழக்காது காத்தல் எங்ஙனம் என்பதே ‘வெண்பா’ எழுப்பும் வினாவும் ஆகும்.

ரொறன்ரோ நகரின் விசை என்னும் சிறு நிறுவனம், அபி என்பாரின் வடிவமைப்பில், 2023 யூலை 31ஆம் நாள் இதனை வெளியிட்டது. 1980களில் தமிழகத்திலிருந்து கனடாவிற் குடியேறிய வெண்பா, பாவலன் என்னும் தம்பதியரும் அவர்தம் மகன் கவினும் இதன் கதைமாந்தர். 2024ஆம் ஆண்டில் சுயாதீன விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசும், பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கழகத்தின் முதலாக்க விருதும் இதற்குக் கிடைத்தன.

இதன் சிறப்பு கதையினும் விதியமைப்பிலேயே பெரிதும் தங்கியுள்ளது. தாய் தந்த சமையற் குறிப்பேடு ஒன்று வெண்பாவிடம் உளது. அதன் பக்கங்கள் கிழிந்தும் மை கலைந்தும் போயின. இட்டலித் தட்டுக்களை எம்முறையில் அடுக்குவது, எதனை முன்னும் எதனைப் பின்னும் இடுவது என்பவற்றை, எஞ்சிய சொற்களையும் படங்களையும் கொண்டு ஆடுவோரே உய்த்துணர வேண்டும். தவறின் தண்டனையில்லை, மீளச் செய்யலாம். மரபு சிதைந்து வந்து சேர்கின்றது என்றும், அதனைக் கையாற் செய்து பார்த்தே நிரப்ப முடியும் என்றும் வசனத்தாற் கூறாது, செயலால் உணர்த்துகின்றது இவ்வாக்கம். மகன் வளர்ந்து, தாய்மொழி எழுத்தைத் தடுமாறி வாசிப்பவனாய் அதே ஏட்டை எடுக்கும்போது, அவன் இடர்ப்பாடு ஆடுவோரின் இடர்ப்பாடாகவே ஆகின்றது. நாவலோ திரைப்படமோ இதனை நமக்குக் காட்டும். விளையாட்டு நம்மையே செய்ய வைக்கும். இவ்வேறுபாட்டை உணர்ந்தவரே இக்கலையைப் பயிலத் தக்கவர்.

குறைகளும் இல்லாமலில்லை. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடுகின்றது. சமையற் புதிர்கள் படிப்படியே கடினமாவதில்லை. ஆதலின் கைத்தேர்ச்சி வளரும் இன்பம் ஆடுவோர்க்குக் குறைவு. உரையாடலில் மறுமொழியைத் தேரும் வாய்ப்பிருந்தும் எதனைத் தேர்ந்தாலும் கதையின் போக்கு மாறுவதில்லை. குடிபெயர்ந்தோர் கையில் உண்மைத் தெரிவுகள் குறைவு என்பதற்கு இது பொருந்தும் எனச் சிலர் அமைதி கூறலாம். தமிழில் விதி என்னுஞ் சொல் ஆட்டத்தின் நியதியையும் ஊழையும் ஒருங்கே குறித்தலும் அவர்க்குத் துணையாகும். எனினும், ஊழை உணர்த்துவதற்கும் முயற்சி வேண்டும். முயன்று தோற்றவனே ஊழின் வலியை அறிவான். முயலவே இடமில்லாதவன் வெறும் பார்வையாளன் ஆவான்.

பிறிதொன்றும் சொல்லற்பாலது. இக்கதையின் புட்டு நம் பிட்டே. ரொறன்ரோ நம் உறவினர் வாழும் நகரமே. ஆயினும் வெண்பாவின் குடும்பம் ஊர்விட்டுச் சென்ற காரணம் வேறு. 1983இன் பின் யாழ்ப்பாணத்தார் சென்ற காரணம் வேறு. ஒடியற் கூழும் நீற்றுப்பெட்டியும் மட்டுமன்றி, இடப்பெயர்வும் பிரிவும் நம் அனுபவங்கள். அவற்றிற்கு எத்தகைய விதிகள் ஏற்கும்? இதனை வெளிநாட்டுப் பேராசிரியர் கற்பிக்க இயலாது. முறையை அவர் தருவர். பொருளை மாணவரே கொண்டுசெல்லல் வேண்டும்.

செலவையும் சிந்தித்தல் கடன். வெளிநாட்டு மாணவர் கல்விக் கட்டணம் நீங்கலாக வாழ்க்கைச் செலவிற்கெனக் காட்ட வேண்டிய தொகையைக் கனடா அரசு 2024 சனவரி 1 முதல் 10,000 டொலரிலிருந்து 20,635 டொலராக உயர்த்தியது. அவ்வாண்டே மாணவர் அனுமதிகட்கு வரம்பும் விதித்தது. 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் உலக விளையாட்டு நிறுவனங்களில் பல்லாயிரவர் வேலையிழந்தனர். காணியை ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் இவற்றை அறிந்தே அனுப்புதல் நன்று.

ஆயினும், இது கற்கத் தகாத கலையென விலக்குதற்கு இவை காரணமாகா. விழையும் மாணவர்க்கு ஒரு தேர்வை மட்டும் முன்வைக்கலாம். விமானமேறுமுன், கடதாசி மட்டையிலும் சோழிகளிலுமேனும் ஒரு விளையாட்டைத் தாமே ஆக்குக. அதனைத் தோழரை ஆடவிட்டு, அவர் எவ்விடத்தில் சலித்தனர், எவ்விடத்தில் தம்மை மறந்தனர் என்று குறித்துக்கொள்க, குறித்தவாறு திருத்துக. மூன்று முறை திருத்தியும் சலியாதவர் எவரோ, அவரை அனுப்புதற்குப் பெற்றோர் அஞ்ச வேண்டுவதில்லை.