இல்லத்துள் மறைவும் வெளியும்

அகம், புறம் எனப் பகுத்து நோக்குதல் தமிழர்க்குப் பழகிய நெறி. அத்தகையதொரு பகுப்பு கணினியுள்ளும் உண்டு. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் பயனர் ஒவ்வொருவர்க்கும் இல்லக் கோப்பகம் ஒன்று அமைகிறது. அவர் எழுதிய கட்டுரையும் எடுத்த படமும் அங்கே கண்ணுக்குத் தெரியும். செயலிகள் தம் அமைவுகளை எழுதிவைக்கும் கோப்புறைகளோ, பெயரின் முன்னே ஒரு புள்ளி பெற்று மறைந்திருக்கும்.

இம்மறைவு திட்டமிட்டுப் பிறந்ததன்று. கோப்பகம் ஒவ்வொன்றிலும் தன்னையே சுட்டும் ஒற்றைப் புள்ளியும், மேற்கோப்பகத்தைச் சுட்டும் இரட்டைப் புள்ளியும் உள்ளன. பட்டியலில் இவ்விரண்டையும் தவிர்க்க விழைந்தோர், முழுப்பெயரை ஒப்பிடாது, முதற்குறி புள்ளியா என்று மட்டுமே சோதித்தனர். ஆகவே, புள்ளியில் தொடங்கும் பெயரனைத்தும் மறைந்தன. பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ராப் பைக் 2012இல் இதனைப் பிழையென்றே எடுத்துரைத்தார். பிழை வழக்காயிற்று; வழக்கு மரபாயிற்று.

மறைவினால் நன்மை இல்லையோ எனின், உண்டு. இல்லம் தூய்மையாகத் தோன்றும். அறியாதார் கைபட்டு அமைவுகள் அழியா. 2016இல் உபுண்டுவில் பரவத் தொடங்கிய ஸ்னாப், தன் பெயரிலேயே ஒரு கோப்புறையை இல்லத்தில் வெளிப்படையாக வைத்தபோது பயனர் பலர் முறையிட்டனர். கேளாது வந்த விருந்தினர் நடுக்கூடத்தில் மூட்டையை இறக்கினால் யார்தான் பொறுப்பர்?

எனினும், மறைவு காவலாகாது. மறைகுறியீட்டுத் திறவிகளைக் காப்பது அனுமதி வரம்பே, புள்ளி அன்று. மேலும், உடுக்குறியிட்டுக் கோப்புகளைப் புதிய கணினிக்குப் படியெடுக்கும் மாணவர், புள்ளிக் கோப்புகள் உடன்வாராமையை அறியார். பழைய கணினியைத் துடைத்த பின்னரே இழப்புத் தெரியவரும். காணாத பொருளைக் காத்தல் எங்ஙனம்?

2003இல் வெளிவந்த எக்ஸ்டிஜி நெறிமுறை, அமைவுகளுக்கு ஓரிடம், தரவுகளுக்கு ஓரிடம், தற்காலிகச் சேமிப்புக்கு ஓரிடம் என வகுத்தது. அவையும் புள்ளிப் பெயரினவே. எனினும் இடம் தெரிந்த மறைவு. இன்றும் அதனைப் பின்பற்றாத செயலிகள் உள. மறைப்பதா, காட்டுவதா என்பதன்று அடிப்படை வினா. இல்லம் யாருடையது என்பதே வினா. உரியவர் அறியாமல் ஒரு பொருளும் அங்கே தங்குதல் தகாது. அறிந்தபின், மறைவாய் இருத்தல் குற்றமன்று. இதுவே எம் துணிபு.